நூலகத்தின் கதவு திறந்துதான் இருந்தது

ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழகச் சேர்க்கை முடிகிற நேரத்தில் எனக்குச் சில அழைப்புகள் வரும். "அண்ணே, சீட்டு கெடச்சிருச்சு. மொதல்ல என்ன செய்யணும்?" எல்லாம் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதிக்கிற பிள்ளைகள். "மொதல்ல நூலக அட்டையை வாங்கு" என்பதுதான் என் வழக்கமான பதில். இந்த ஆண்டு அதோடு நிறுத்த மனம் வரவில்லை.

நான் சேர்ந்தபோது முதல் மூன்று மாதம் நூலகத்தில் செய்தித்தாள் மேசையைத் தாண்டவில்லை. மாடியில் இருக்கிற அலமாரிகளுக்கு மாணவர்கள் போகலாமா கூடாதா என்று யாரிடம் கேட்பது எனத் தெரியவில்லை. ஒருநாள் துணிந்து கேட்டேன். மேசையில் இருந்தவர் பதில் சொல்வதற்கு முன் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்றார். மாடிக்குப் போகலாம் என்பதை அன்று அவர் சொல்லவே இல்லை. பிறகு நானே ஏறிப் போய்த் தெரிந்துகொண்டேன். விதிப்படி அந்த அலமாரிகள் முதல் நாளிலிருந்தே எனக்கும் உரியவைதான்.

என்னென்ன வசதிகள் உண்டு, எத்தனை புத்தகம், எத்தனை நாள், தாமதமானால் எவ்வளவு தண்டம் என்பதையெல்லாம் ஒவ்வொரு நூலகமும் அச்சடித்துக் கொடுக்கிறது. அந்த வசதிகளை நம்மவர்கள் என்ன நிலையில் இருந்துகொண்டு பயன்படுத்தினார்கள் என்பது அந்தக் கையேட்டில் இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பரோடாவிலிருந்து தொடங்குவோம். இந்தியாவில் பொதுநூலக இயக்கத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் அந்தச் சமஸ்தானத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் 1910-இல் வில்லியம் ஆலன்சன் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்தார். நகரில் மத்திய நூலகம், கிராமங்களுக்குப் பெட்டியில் போகும் நடமாடும் நூலகம், நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு என்று மூன்றே ஆண்டுகளில் ஓர் அமைப்பே உருவானது. 1913-இல் போர்டன் அமெரிக்கா திரும்பினார். அதே 1913-இல் அதே மன்னரின் உதவித்தொகையில், மாதம் பதினொன்றரைப் பவுண்டு, மூன்றாண்டுக்கு என்ற கணக்கில், ஓர் இளைஞர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். படித்து முடித்ததும் பத்தாண்டு பரோடாவில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த இளைஞர் பீமராவ் அம்பேத்கர்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைய நூலகம் அப்போது லோ நூலகம் என்ற குவிமாடக் கட்டடத்தில் இருந்தது. பாபாசாகேப் அங்கே எடுத்த பாடங்களின் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும்: பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. ஒரு பட்டத்துக்கு இத்தனை வேண்டியதில்லை. சமஸ்கிருதம் படிக்க விரும்பியபோது பள்ளியில் மறுக்கப்பட்டுப் பாரசீகம் படிக்க நேர்ந்தவர் அவர். எந்தப் பாடத்துக்கும் யாரும் வாசலில் நிற்காத இடம் கிடைத்ததும் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழைய புத்தகக் கடைகளில் சுமார் 2000 நூல்கள் வாங்கினார். நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த அந்த நூல்களில் ஒரு பகுதிதான் பிற்பாடு அவர் கைக்கு வந்தது என்று தனஞ்செய் கீர் எழுதுகிறார்.

1916-இல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்தது, நீட்டிப்புக் கிடைக்கவில்லை, ஆய்வைப் பாதியில் விட்டுக் கிளம்பினார். தனியாக அனுப்பிய புத்தகங்களும் சாமான்களும் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கிய கப்பலோடு போயின.

ஒப்பந்தப்படி 1917-இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனார். அங்கே தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். அந்த நாட்களைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். விடுதியில் வேறு மனிதர்கள் இல்லை, மின்விளக்கு இல்லை, ஓர் அரிக்கேன் விளக்கு, தலைக்கு மேல் வௌவால்கள். பேசுவதற்கு ஆளில்லாததால் புத்தகத்தோடு பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். பதினோராவது நாள் தடிகளோடு ஒரு டஜன் பார்சிகள் வந்து நின்றார்கள். மாலைக்குள் வெளியேறச் சொன்னார்கள். பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

இந்தியாவுக்கே முன்மாதிரி என்று சொல்லப்பட்ட நூலகம் அந்த நகரத்தில்தான் இருந்தது. மன்னர் புத்தகத்துக்கு வழி செய்திருந்தார். படிக்கப் பணம் கொடுத்து, படித்து வந்தவருக்கு வேலையும் கொடுத்திருந்தார். படுக்க ஓர் அறை மட்டும் அந்த நகரத்தில் கிடைக்கவில்லை. சாயாஜிராவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் அளவுக்குச் செய்த மன்னர்கள் குறைவு. நூலக அட்டையை வாங்கு என்று மட்டும் சொல்லி அனுப்புகிற என்னைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பிறகு பம்பாய் சிடனம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். பிற கல்லூரி மாணவர்களும் அவர் வகுப்பைக் கேட்க வந்தார்கள். ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் குடிப்பதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நண்பர் நவல் பதேனாவிடம் கடன் வாங்கி, கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியும் சேர, 1920-இல் மீண்டும் லண்டன்.

இந்த இரண்டாவது லண்டன் காலத்தைத்தான் மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்குள் காலையில் போனால் மூடும்போதுதான் வெளியே வருவார். இந்தியா அலுவலக நூலகம், லண்டன் பல்கலைக்கழக நூலகம் என்று மற்ற இடங்களும் உண்டு. தங்கியிருந்த வீட்டில் அரை வயிற்றுச் சாப்பாடு. இரவு படித்துக்கொண்டிருக்கும்போது பசித்தால் நண்பர் கொடுத்த அப்பளம். 'அண்ணல் பசியோடு படித்தார்' என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். என்ன படித்தார் என்று சொல்வதில்லை. மாகாணங்களின் வரவு செலவு அறிக்கைகள், நாணயக் குழுக்களின் அறிக்கைகள், நாடாளுமன்ற ஆவணங்கள். ஆட்சியாளர்கள் தங்கள் நிர்வாகத்துக்காகச் சேர்த்துவைத்த காகிதங்கள் அவை. இந்தியாவின் வரிப்பணம் எங்கே போனது என்ற கணக்கு லண்டன் அலமாரிகளில் இருந்தது. அந்தக் காகிதங்களை வைத்தே அந்த ஆட்சியின் நிதிக்கொள்கையை அவர் விசாரணைக்கு நிறுத்தினார். 1921-இல் முதுநிலை அறிவியல் பட்டம். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தித் தரச் சொன்னபோது கையில் பணம் தீர்ந்துவிட்டது. பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பி, 1923-இல் டி.எஸ்சி. பெற்றார்.

அவர் லண்டனை விட்டுக் கிளம்பிய மறு ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்ட எஸ். ஆர். ரங்கநாதன் அதே லண்டனுக்கு நூலகவியல் படிக்கப் போனார். திரும்பி வந்து, பூட்டிய அலமாரிகளைத் திறந்து, வாசகர் தாமே போய்ப் புத்தகம் எடுக்கலாம் என்ற முறையைச் சென்னையில் கொண்டுவந்தார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது. நல்ல விதி. ஆனால் 1931-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாசகராகும் நிலையில் நம் சேரிகளிலிருந்து எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அலமாரியைத் திறந்துவிட நூலகரால் முடியும். பள்ளியில் உட்காரவிடாத ஊரைத் திறக்க அவர் கையில் சாவி இல்லை.

அந்தச் சாவியைத் தேடித்தான் பாபாசாகேப் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறந்தது. முதல் கட்டடம் போர்க்காலத்து ராணுவக் கொட்டகை. காலை நேர வகுப்புகள் வைத்தார்கள். பகலில் அலுவலகத்துக்கும் ஆலைக்கும் போகிறவர்கள் அதற்கு முன்பே படித்துவிட்டுப் போகட்டும் என்று. தம் சொந்தச் சேகரிப்பிலிருந்து பெரும்பகுதி நூல்களை அந்தக் கல்லூரி நூலகத்துக்கு அவர் கொடுத்தார். ஒரு கப்பலோடு புத்தகங்களை இழந்தவர், பின்னால் தாதரில் ராஜகிருகம் என்று வீடு கட்டியதே புத்தகங்களுக்காகத்தான் என்பார்கள். அப்படிப்பட்டவர் கொடுத்த புத்தகங்கள் அவை.

இங்கே கொஞ்சம் கைவேலை பேசிக்கொள்வோம். தேடத் தெரியாவிட்டால் நம் வரலாறு நம் கண்ணுக்கே அகப்படாது. பல நூலகங்கள் பின்பற்றுகிற அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பொருள்தலைப்புப் பட்டியலில் நம்மைக் குறிக்க நெடுங்காலம் 'தீண்டத்தகாதோர்' என்றே இருந்தது. பிற்பாடுதான் 'தலித்துகள்' ஆனது. டூயி தசம வகைப்பாட்டில் நம் எண் 305.5688. எந்தப் பிரிவின் கீழே தெரியுமா? ஒதுக்கப்பட்ட வகுப்பினர். வகைப்பாட்டில்கூட நாம் ஒதுக்குப்புறம்தான். (இந்த மெல்வில் டூயி 1880-களில் கொலம்பியாவின் நூலகராக இருந்தவர். அம்பேத்கரின் ஆசிரியர் ஜான் டூயி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆகவே 'தலித்' என்று மட்டும் தட்டச்சு செய்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுந்து வந்துவிடாதீர்கள். சென்னை மாகாண அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது 1922-இல். அதற்கு முந்தைய கோப்புகளில் 'பஞ்சமர்', 'பறையர்' என்று தேட வேண்டும். இருபதுகள், முப்பதுகளுக்கு 'ஒடுக்கப்பட்ட வகுப்பினர்' என்பதன் ஆங்கிலச் சொல். அதன்பின் காந்தியார் வைத்த பெயர், அதன்பின் 'பட்டியல் சாதியினர்'. நாம் வெறுக்கிற சொற்களைத் தேடுபெட்டியில் நாமே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். வலிக்கும்தான். செய்யுங்கள்.

பல்கலைக்கழகம் சந்தா கட்டியிருக்கிற மின்னிதழ்களை விடுதி அறையிலிருந்தே படிக்க வழி உண்டா என்று கேளுங்கள். இருந்தால் கடவுச்சொல் வாங்கிக்கொள்ளுங்கள். நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆசிரியராக இருக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதிய நூல்கள் வாங்கப் பரிந்துரைக்கும் படிவம் உங்கள் துறைக்கு ஆண்டுதோறும் வரும். பலர் அதை நிரப்புவதே இல்லை. அயோத்திதாசர் சிந்தனைகள் 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து தொகுப்பாக வெளிவந்தது. அது உங்கள் நூலகத்தில் இருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள்.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பரில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து ஆய்வு மாணவர்கள்மீது ஓர் உத்தரவு போட்டது. அதைப் படித்துப் பாருங்கள், தோழர்களே. விடுதிக்குள் போகக் கூடாது. நிர்வாகக் கட்டடத்திலும் பிற பொது இடங்களிலும் கூட்டாகக் காணப்படக் கூடாது. அவர்கள் போகலாம் என்று அனுமதிக்கப்பட்ட இடங்கள் தங்கள் துறை, நூலகம், பாடம் தொடர்பான கருத்தரங்குகள். ஐவரில் ஒருவரான ரோஹித் வெமுலாவுக்கு ஏழு மாத உதவித்தொகை, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய், வராமல் நின்றிருந்தது.

2016 ஜனவரி தொடக்கத்தில் ஐவரும் படுக்கைகளைச் சுமந்துகொண்டு விடுதியை விட்டு வெளியேறினார்கள். ரோஹித்தின் கையில் பாபாசாகேபின் படம் இருந்தது. வளாகத்திலேயே திறந்தவெளியில் கூடாரம் அடித்து, அந்த இடத்துக்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே இருக்கும் சேரி என்று பொருள். குளிர்கால இரவுகளில் அங்கேதான் படுத்தார்கள். ஜனவரி 17 வரை ரோஹித்தும் அங்கேதான் இருந்தார்.

நூலகத்துக்குப் போக அவர்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.