தோட்டத்து ரொட்டிக்கு வயது என்ன?

மாத்தளை மாவட்டத்து உக்குவளையைச் சுற்றியுள்ள தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அன்றாடச் சாப்பாடு என்றால் கோதுமை மாவில் தட்டிச் சுட்ட ரொட்டி, கட்டச்சம்பல், சாயத் தேத்தண்ணீர். இதை மலையகத் தமிழரின் பாரம்பரிய உணவு என்கிறோம். அது பொருத்தமான பெயரே. ஆனால் பாரம்பரியம் என்றதும், முன்னோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த சமையல் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் இந்த ரொட்டி தோட்டக் கூலியும் உணவுப் பங்கீடும் சேர்ந்து இலங்கை மண்ணில் நிலைபெறச் செய்த உணவு. இதைச் சுவைத்தால் மட்டும் போதாது, இதன் காலத்தையும் கேட்க வேண்டும்.

கோப்பிக் காலத்தில் மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள் கம்பும் கேழ்வரகும் உண்டு வளர்ந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர் பலர். உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்குத் தோட்டம் கொடுத்தது அரிசி. அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டது. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1880இல் உக்குவளை வழியாக மாத்தளைக்கு ரயில் வந்தது. தேயிலையும் கொக்கோவும் றப்பரும் மலைகளைப் பிடித்தன. பயிர்கள் மாறினாலும் அரிசி வழங்கும் முறை மாறவில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அதற்கும் விதி வகுத்தது. 1942இல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்தபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் அரிசி குறைந்து, கோதுமை மா அந்த இடத்துக்கு வந்தது. போருக்குப் பிறகும் அது அடுப்படியை விட்டுப் போகவில்லை. 1973, 1974 பஞ்சத்தில் அந்த மாவுக்கும் தட்டுப்பாடு வந்தது; தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன.

அப்படியானால் ரொட்டி துரைமாரும் அரசும் திணித்த உணவு, மக்களின் பண்பாடு அதில் எங்கே என்று கேட்கலாம். கொடுத்தது மாவு, அதைச் சாப்பாடாக்கியது லயத்துப் பெண்கள். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டுக்கு முன் சுட்டு முடிக்கலாம். மலைக்குக் கட்டிக்கொண்டு போனால் மதியம் வரை கெடாது. கறி இல்லாவிட்டாலும் அம்மியில் அரைத்த மிளகாயும் வெங்காயமும் போதும். கூலிநாளின் நேரக்கணக்கு முழுவதும் இந்தச் செய்முறையில் இருக்கிறது. தேங்காய்ப்பூ சேர்த்த ரொட்டி சிங்கள வீடுகளிலும் உண்டே என்பது இன்னொரு மறுப்பு. உண்டு. ஒரே சந்தையில் தேங்காயும் மாவும் வாங்கும் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் அடுத்தடுத்து வாழும் ஊரில் கைப்பழக்கம் வேலி தாண்டுவது இயல்பு. அப்படிக் கலந்ததும் இம்மக்கள் இந்நாட்டில் வேரூன்றியதற்குச் சான்றே. பொங்கலும் பலகாரமும் அல்லவா பண்பாட்டைக் காட்டும் என்பாரும் உண்டு. பண்டிகை உணவு விட்டுவந்த ஊரின் நினைவைக் காக்கிறது. வந்த ஊரில் வாழ்ந்த வாழ்க்கையை அன்றாட உணவே சொல்கிறது.

இன்று மாத்தளைப் பக்கத்து வாசனைத் தோட்டங்களில் மிளகும் சாதிக்காயும் கறுவாவும் பயணிகளுக்கு விளக்கப்படுகின்றன. அந்த விளக்கத்தில் மலையேறி உழைத்தவர்களின் சாப்பாட்டுக்கும் இடம் வேண்டும். உணவு விழாக்களில் ரொட்டியைப் பரிமாறுவோர் 1942ஐயும் 1974ஐயும் சேர்த்தே சொல்ல வேண்டும். பசியின் வரலாற்றை மறைத்துச் சுவையை மட்டும் கொண்டாடினால், அந்தப் பசியை வென்ற மக்களின் திறமையையும் மறைத்தவர்களாவோம்.