உறைவு

உறைதல் என்றால் நீர்மமாக இருப்பது இறுகித் திரளுதல். பால் தயிராக உறைகிறது, வெட்டுக்காயத்தில் குருதி உறைகிறது. ஓரிடத்தில் தங்குவதும் உறைதல்தான். உறைவிடம் அப்படி வந்த சொல்.

குருதிக்குழாயின் உள்ளேயே திரண்டு ஓட்டத்தை மறிக்கும் கட்டியை மருத்துவம் ‘துரோம்பஸ்’ என்கிறது. கிரேக்கத்தில் அதற்குக் கட்டி, திரள் என்று பொருள். அது பிய்ந்துபோய் வேறிடத்தில் அடைத்தால் ‘எம்போலஸ்’. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரைத் தந்தவர் ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ச்சோ.

புற்றுநோய்க்கும் உறைவுக்கும் உள்ள தொடர்பை 1865இல் பாரிசில் மருத்துவர் ஆர்மன் ட்ரூசோ விளக்கினார். பின்னர் தன் நாளத்திலேயே உறைவைக் கண்டு, தனக்கு வந்திருப்பது என்னவென்று உணர்ந்தார். 1867இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார்.

கீமோதெரபியும் உறைவைத் தூண்டலாம். சிஸ்பிளாட்டின் என்ற மருந்தால் அந்த ஆபத்து கூடும். உறைவைத் தடுக்கும் புரதத்தை அஸ்பராஜினேஸ் என்ற மருந்து குறைப்பதால், அரிதாக மூளை நாளங்களில் உறைவு வரும். ஜெம்சிட்டபின், மைட்டோமைசின் ஆகிய மருந்துகளால் மிக அரிதாக நுண்குழாய்களில் உறைவு பரவிச் சிறுநீரகம் பழுதடையும்.

கிளிநொச்சியின் முரசுமோட்டையிலிருந்து தெல்லிப்பழைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வரும் ஒருவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, அது உறைவாக இருக்கலாம்; அடுத்த கிளினிக் நாள்வரை பொறுத்திருக்கக் கூடாது. கிளினிக் கொப்பியோடு உடனே கிளிநொச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.