படைக்குப் பொருள் வாங்கியோர்

போர் என்று கேட்டவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை யாவை? பாய்ந்து செல்லும் குதிரை, முழங்கும் பீரங்கி, கொடியேந்திய வீரன் ஆகியவையே அல்லவா? ஆனால் மாணவ நண்பர்களே, அவ்வீரன் காலில் அணிந்துள்ள பாதரட்சையை வாங்கிக் கொடுத்தவர் யார்? என்ன விலைக்கு வாங்கினார்? மழையில் நனைந்தால் அது தாங்குமா என்று முன்னரே பார்த்தவர் யார்? வரலாற்று நூல்களில் இவ்வினாக்களுக்கு விடை கிடைப்பது அரிது. இன்று அத்தகைய பணியைச் செய்த ஒருவரையும், அவருடன் உழைத்தவர்களையும் பற்றிச் சிந்திப்போம்.

1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அப்பொழுது அந்நாட்டின் நிலையான படையில் ஏறத்தாழ 16,000 பேரே இருந்தனர். குடியரசுத் தலைவர் லிங்கன் முதலில் 75,000 பேரை அழைத்தார். கோடைக்காலத்திற்குள் ஐந்து இலட்சம் பேரைத் திரட்டச் சட்டமன்றம் இசைவளித்தது. இத்தனை பேருக்கும் உடை வேண்டும், கம்பளி வேண்டும், கூடாரம் வேண்டும். வண்டிகளும், குதிரைகளும், கோவேறு கழுதைகளும், அவற்றுக்குத் தீனியும் வேண்டும். இவற்றையெல்லாம் வாங்கித் தரும் பொறுப்பு குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல் என்னும் அதிகாரியுடையது. அப்பதவியில் இருந்த ஜோசப் ஜான்ஸ்டனோ பதவியைத் துறந்து தென்னாட்டுப் படையில் சேர்ந்துவிட்டார்.

அவசரம் உள்ள இடத்தில் ஆதாயம் தேடுவோர் கூடுவது உலகியற்கை. கந்தல் கம்பளியை அரைத்து, மீண்டும் அழுத்தி நெய்த துணியில் சீருடை தைத்து விற்றனர் சில வணிகர். ‘ஷாடி’ என்பது அத்துணியின் பெயர். ஒரு மழைக்கே அது நைந்து கிழிந்தது. நோயுற்ற குதிரைகளும் குருட்டுக் குதிரைகளும் நல்ல குதிரையின் விலைக்குப் படையின் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தன. மக்கள் சபை ஒரு குழுவை நியமித்து ஆராய்ந்தது. போர் அமைச்சர் சைமன் காமரன் 1862 ஜனவரியில் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. அவர் ஒப்பந்தங்களைக் கையாண்ட முறையை அவ்வாண்டு ஏப்ரலில் அச்சபை கண்டித்துத் தீர்மானமும் இயற்றியது. அத்துணியைக் குறித்த ‘ஷாடி’ என்னும் சொல், தரமற்ற பொருள்களைச் சுட்டும் சொல்லாக ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

இச்சூழலில், 1861 மே 15ஆம் நாள் புதிய குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரலாக நியமனம் பெற்றவர் மான்ட்கோமரி மெய்க்ஸ் என்னும் பொறியாளர். அவர் எத்தகையவர் என்பதை அதற்கு முந்திய நிகழ்ச்சி ஒன்று காட்டும். வாஷிங்டன் நகருக்குக் குடிநீர் கொணரும் கால்வாய்ப் பணியையும், சட்டமன்ற மாளிகையின் விரிவுப் பணியையும் அவர் மேற்பார்வையிட்டு வந்தார். அக்காலப் போர் அமைச்சர் ஜான் ஃபிளாய்டு தமக்கு வேண்டியவர்களுக்கு ஒப்பந்தங்கள் கிடைக்க வேண்டும் என விரும்பினார். மெய்க்ஸ் இணங்கவில்லை. அதன் விளைவாக 1860இல், ஃபுளோரிடாவுக்கு அப்பால் கடல் நடுவே உள்ள டிரை டார்டுகாஸ் என்னும் தீவுக் கோட்டைக்கு அவர் அனுப்பப்பட்டார். அமைச்சர் பதவி விலகிய பின்னரே அவர் தலைநகர் திரும்பினார்.

மெய்க்ஸ் கைக்கொண்ட முறை எளியது. தேவையை வெளிப்படையாக விளம்பரம் செய்தல். முத்திரையிட்ட டெண்டர்களைப் பெறுதல். மாதிரிப் பொருளை முன்வைத்து, வரும் சரக்கை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல். பொருந்தாததைத் திருப்பி அனுப்புதல். ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதுதல். சட்டமன்றமும் துணை நின்றது. ஒப்பந்தங்கள் எழுத்தில் அமைய வேண்டும், அவற்றின் நகல் அரசிடம் சேர வேண்டும் என்று 1862இல் ஒரு சட்டம் பிறந்தது. அரசைப் பொய்க் கணக்கால் ஏமாற்றியவரிடம் இழப்பைப் போல் இருமடங்கு பெறவும், ஏமாற்றை வெளிப்படுத்தி வழக்காடியவருக்கு அதில் பாதியை அளிக்கவும் 1863இல் மற்றொரு சட்டம் வழிவகுத்தது. இச்சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் அந்நாட்டில் நடைமுறையில் உள்ளது.

ஆயினும் விதிகளைக் காப்பது மட்டுமே சிறப்பாகிவிடுமா? 1861இன் இறுதியில் குளிர்காலம் நெருங்கியது. உள்நாட்டு ஆலைகளின் நல்ல துணி போதவில்லை. மெய்க்ஸ் ஐரோப்பாவிலிருந்து துணி தருவித்தார். உள்நாட்டு ஆலைக்காரர்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினர். காவற்பணியில் நிற்கும் வீரன் குளிரில் நடுங்கக்கூடாது என்பதே அவருக்கு முதன்மையாய் இருந்தது. விதி எதற்காக ஏற்பட்டதோ அந்த நோக்கத்தை மறவாமல் விதியைக் காப்பவரே நல்ல கொள்முதல் அதிகாரி ஆவார்.

இப்பெரும்பணி ஒருவரால் ஆகக்கூடியதன்று. சரக்கைச் சோதித்தோர், எழுத்தர், வண்டியோட்டிகள், கப்பல் மாலுமிகள் எனப் பல்லாயிரவர் உழைத்தனர். பிலடெல்பியாவில் இருந்த அரசுப் பண்டகசாலை ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தையல் வேலை அளித்தது. இடையிலே ஒப்பந்தக்காரர் புகுந்த இடங்களில் அப்பெண்களின் கூலி வெகுவாகக் குறைந்தது. சின்சினாட்டி நகரத் தையற்பெண்கள் 1865இல் லிங்கனுக்கே முறையிட்டு, தங்களுக்கு நேரே வேலை தருமாறு வேண்டினர். மலிவான விலை எல்லாம் நேர்மையான விலையாகாது என்பதை அம்முறையீடு உணர்த்துகிறது.

1864 நவம்பரில் தளபதி ஷெர்மன் ஏறக்குறைய 60,000 வீரருடன் அட்லாண்டாவிலிருந்து கடலை நோக்கிப் புறப்பட்டார். வாரக்கணக்கில் அவரிடமிருந்து தலைநகருக்குச் செய்தியே இல்லை. டிசம்பரில் சவானா நகருக்கருகே அப்படை கடலைக் கண்டபொழுது, அதற்கு வேண்டிய பொருள்களோடு கப்பல்கள் கரையோரத்தில் ஆயத்தமாய் இருந்தன. ஷெர்மனின் நடையை வரலாறு புகழ்கிறது. அக்கப்பல்களில் சரக்கேற்றியவர் பெயர்களை யார் அறிவார்?

அவ்வாண்டு அக்டோபரில்தான் மெய்க்ஸ் தம் மகன் ஜானைப் போரில் பறிகொடுத்திருந்தார். அத்துயரத்திலும் அவர் பணி நிற்கவில்லை. அவர் துறையின் வழியே செலவான தொகை ஏறத்தாழ 150 கோடி டாலர். அவருடைய தொண்டு இல்லாதிருந்தால் நாட்டின் இலட்சியமே தோற்றிருக்கும், அல்லது பேராபத்தில் சிக்கியிருக்கும் என்று அயல்துறை அமைச்சர் சீவர்டு பின்னாளில் எழுதினார்.

போர் முடிந்து பல்லாண்டுகள் கழித்து, படைவீரருக்கு ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தை வாஷிங்டனில் எழுப்பும் பொறுப்பு மெய்க்ஸிடம் வந்தது. 1882இல் தொடங்கி 1887இல் நிறைவுற்ற அச்செங்கல் மாளிகையைச் சுற்றிலும், 1,200 அடி நீளத்திற்குச் சுடுமண் சிற்ப வரிசை ஒன்றைக் காஸ்பர் பூபெர்ல் என்னும் சிற்பியைக் கொண்டு அமைத்தார். அதில் காலாட்படையும் குதிரைப்படையும் பீரங்கிப்படையும் அணிவகுத்துச் செல்கின்றன. அவற்றோடு சரிசமமாகப் பண்டங்கள் ஏற்றிய வண்டிகளும் செல்கின்றன. வண்டியோட்டி, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவராய் இருக்க வேண்டும் என்று மெய்க்ஸே சிற்பிக்குக் கட்டளையிட்டார். அம்மாளிகை இன்று தேசியக் கட்டடக்கலை அருங்காட்சியகமாக விளங்குகிறது.

பண்டம் காலத்தில் வந்து சேர்ந்தால் யாரும் அதைப் பேசுவதில்லை, வராதபொழுதுதான் பேசுகிறோம். ஆகவே நேர்மையான கொள்முதலின் வெற்றி, நிகழாமற்போன துன்பங்களில் மறைந்து கிடக்கிறது. மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை அரசின் பணத்தைக் கையாளும் மேசையில் அமரக்கூடும். உங்கள் கையொப்பத்தின் மறுமுனையில், மழையில் நிற்கும் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதை மறவாதீர்கள். வரலாறு படிக்கும்பொழுதும், வெற்றி பெற்ற தளபதியின் பின்னே அந்த வண்டி வருகிறதா என்று சற்றே திரும்பிப் பாருங்கள்.