வாசல் தேடிச் சென்ற பணிவிடை

அரபு நூல்களில் பயில்வோர் 'பீமாரிஸ்தான்' என்னும் சொல்லை அறிவர். பாரசீகத்தில் 'பீமார்' என்றால் நோயாளி; 'ஸ்தான்' என்றால் இடம். எல்லா நோய்க்கும் உரிய மருத்துவமனையைக் குறித்த அப்பெயர், நாளடைவில் 'மாரிஸ்தான்' எனக் குறுகி, பித்தர் விடுதியை மட்டும் சுட்டுவதாயிற்று. 1154-இல் திமிஷ்கில் நூருத்தீனும், 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூனும் நிறுவிய மருத்துவமனைகளில் மனநோயாளர்க்கும் இடமிருந்தது. வக்ஃபு வருவாய் அவற்றைத் தாங்கிற்று. சித்தம் கலங்கியவரும் மருத்துவத்துக்கு உரியவரே என ஏற்ற அச்செயல் பெருமைக்குரியது. எனினும் அது சுவர்களுக்குள் நிகழ்ந்த மருத்துவம். பயிற்சி பெற்ற செவிலியர் நோயாளியின் வாசலைத் தேடிச் செல்லும் முறை சென்ற நூற்றாண்டில்தான் உருப்பெற்றது.

1952-இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. பலர் வீடு திரும்பினர். திரும்பியவர் மருந்தை விடாமல் உண்கிறாரா, உறங்குகிறாரா, உற்றார் அவரை எவ்வாறு நடத்துகின்றனர் என்று பார்ப்பவர் யார்? இங்கிலாந்தின் வார்லிங்ஹாம் பார்க் மருத்துவமனை 1954-இல் இரு செவிலியரை இதற்கென வெளியே அனுப்பியது. வழி பிறந்தது.

நம் நாட்டில் இவ்வழி குடும்பத்தின் துணையோடு தொடங்கிற்று. ஐம்பதுகளில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளியின் உறவினரையும் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். 1957-இல் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்கும் முறை வழக்கமாயிற்று. நோயாளியைத் தாய் எப்படி அழைக்கிறாள், மனைவி எதற்கு அஞ்சுகிறாள் என்பவற்றைச் செவிலியர் கண்கூடாகக் கற்க அங்கே வாய்ப்புண்டாயிற்று.

பெங்களூரில் 1954-இல் அமைந்த அகில இந்திய மனநல நிறுவனம், அந்தப் பத்தாண்டிலேயே செவிலியர்க்கு மனநலப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. பின்னர் நிம்ஹான்ஸ் எனப் பெயர் பெற்ற அந்நிறுவனம், 1975-இல் சமூக மனநலப் பிரிவை ஏற்படுத்தியது. 1983-இல் வெளிவந்த பெங்களூர் ஆய்வொன்று நம் சிந்தனைக்கு உரியது. மருத்துவமனையில் சேர்க்கத் தக்க நிலையிலிருந்த 54 மனச்சிதைவு நோயாளரில் 27 பேருக்கு மருத்துவமனையில் சிகிச்சை. ஏனைய 27 பேரின் இல்லங்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் முறையாகச் சென்று வந்தார். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டபோது, வீட்டிலிருந்தோர் நிலையே மேலாக இருந்தது. குடும்பத்தின் சுமையும் குறைந்தது, செலவும் குறைந்தது.

இப்பணிக்கு மாணவச் செவிலியர் கற்க வேண்டியவை பாடநூலில் மட்டும் அடங்கா. மருந்தால் கைகால் விறைப்பதை இனங்காணல், நோய் மீளும் முன் தோன்றும் உறக்கமின்மையை உணர்தல் ஆகியவை ஒருபுறம். வீட்டாரைக் குற்றம் சாட்டாது பேசுதல், அண்டை வீட்டார் அறியாதபடி இரகசியம் காத்தல், பேயென்று நம்புவோரையும் இகழாது மருந்துக்கு இணங்கச் செய்தல் ஆகியவை மறுபுறம். இவை வாசற்படியில் நின்று கற்கும் பாடங்கள்.

1982-இல் தேசிய மனநலத் திட்டமும், 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் வந்தன. ஆனால் எத்தனையோ வாசல்களுக்கு எவரும் சென்று சேரவில்லை. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர் மாண்டனர். ஓடக் கால் இருந்தும் ஓட இயலாமல் மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்ற உறவினரெல்லாம் கல்நெஞ்சர் எனச் சொல்லிவிடலாமா? சுல்தான் சையிது இபுராகீம் ஷஹீது வலியுல்லாஹ் அவர்களின் தர்காவில் நலம் கிட்டும் என நம்பி வந்தோர் பலர். வீட்டில் வைத்துப் பேணும் வழி அறியாதோரும் பலர். அவ்வழியைக் காட்டவல்ல ஒரு செவிலியர் அவர்கள் வாசலுக்கு முன்பே வந்திருந்தால், அச்சங்கிலிகளுள் சிலவேனும் பூட்டப்படாமலே போயிருக்கும். அக்காப்பகங்களை அரசு மூடிற்று. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடுத்தது. சங்கிலியைச் சட்டம் தடுக்கும். சங்கிலி வேண்டாத வீட்டைச் சட்டம் மட்டும் உண்டாக்கிவிடாது.

தெளிந்த அறிவு உள்ளவர்க்கே மார்க்கக் கடமைகள் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. பித்தருக்குத் தொழுகை கடமையில்லை. ஆனால் பித்தரைப் பேணும் கடமை நம்மைவிட்டு நீங்கவில்லை. நம் இல்லங்களில் பின்கட்டு அறைகளில் மறைத்து வைக்கப்பட்டோர் இல்லையா? சம்பந்தம் தடைப்படும் என்ற அச்சத்தால் நோயை மறைக்கிறோம். மறைத்த நோய் முற்றுகிறது. பிறர் அறியாமல் காக்கத் தெரிந்த செவிலியர், அந்த அச்சத்துக்கும் மருந்தாவார். நம் பெண்மக்கள் செவிலியர் கல்விக்குச் செல்வதைத் தாழ்வெனக் கருதும் பெற்றோர் இன்னும் உளர். பூட்டிய அறையின் முன் சென்று, அந்த வீட்டின் பேச்சிலேயே, "உம்மா, கதவைத் திறவுங்கள்" என்று சொல்லத் தக்கவர் அப்பெண்மக்களே. அவர்களைப் படிக்க வைப்போம். அவர்கள் வரும்போது கதவையும் திறந்து வைப்போம்.