மடலின் நிறம் யார் கையில்?

கறுப்புத் திரை, அதில் வெறும் எழுத்துகள். படம் கிடையாது, மவுஸும் தேவையில்லை. மின்னஞ்சலை இன்றும் இப்படித்தான் படிப்போம் என்று அடம்பிடிக்கும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களில் பலர் பயன்படுத்துவது 'மட்' என்ற மென்பொருள். 1995-ல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதியது. புது மடலுக்கு ஒரு நிறம், மேற்கோள் வரிகளுக்கு வேறு நிறம் என்று அவரவர் இஷ்டம்போல் அமைத்துக்கொள்ளலாம்.

நிறம் எப்படி வருகிறது? எழுபதுகளில் ஒவ்வொரு கம்பெனியின் டெர்மினலுக்கும் தனித்தனிக் கட்டளைகள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1976-ல் ஈ.சி.எம்.ஏ.-48, 1979-ல் ஆன்சி எக்ஸ்3.64 என்று பொது விதிகள் வந்தன. 1978-ல் வெளிவந்த டெக் நிறுவனத்தின் விடி100 இந்த முறையைப் பரப்பியது. (வேடிக்கை என்னவென்றால், விடி100-ல் நிறமே கிடையாது!) எஸ்கேப் குறி, ஒரு சதுர அடைப்பு, 31, கடைசியில் 'எம்' என்ற எழுத்து. இவை வந்தால் அடுத்து வருவதெல்லாம் சிவப்பு. கணக்குப் புத்தகத்தில் நஷ்டத்துக்குச் சிவப்பு மை போடுவதுபோல.

சிக்கல் இதுதான்: கட்டளையும் எழுத்தும் ஒரே வழியில் வருகின்றன. வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் நடுநடுவே குப்பைக் குறிகள். 2017-ல் 'நோ கலர்' என்ற ஏற்பாடு வந்தது. அந்தப் பெயரில் ஒரு மாறியை நிரப்பி வைத்தால், அதை மதிக்கும் புரோகிராம்கள் நிறம் பூசாது.

அது தொல்லை. ஆபத்து வேறு. 1983-ல் டாஸ் 2.0-வுடன் வந்த ஆன்சி.சிஸ், இதே வகைக் குறிகளால் விசைப்பலகையின் விசைகளைக்கூட மாற்ற அனுமதித்தது. விஷமிகள் சாதாரண எழுத்துக் கோப்பில் அவற்றை ஒளித்து வைத்தார்கள். அதைத் திரையில் காட்டினாலே போதும், பிறகு ஒரு விசையை அழுத்தும்போது கோப்புகள் அழிந்துபோகும். 'ஆன்சி குண்டு' என்று இதற்குப் பெயர்.

மின்னஞ்சலோ முன்பின் தெரியாதவர் அனுப்புவது. பிஜிபி கையொப்பம் உள்ள மடலில் 'இந்தப் பகுதி கையொப்பமிடப்பட்டது' என்ற பொருளில் மட் தானே ஒரு வரி சேர்த்து, தனி நிறத்தில் காட்டும். மோசடிக்காரன் அதே வரியைத் தன் மடலில் எழுதினால் சாதாரண நிறத்தில்தான் தெரியும், குட்டு உடைந்துவிடும். ஆனால் மடலுக்குள் இருக்கும் நிறக் குறிகளுக்கும் மட் கீழ்ப்படிந்தால்? போலி வரிக்கும் அசல் நிறம் கிடைத்துவிடும். அதன் கையேடே இப்படி எச்சரிக்கிறது. அதனால் 'அலோ ஆன்சி' என்ற அந்த அமைப்பு, பயனர் மாற்றாதவரை, 'வேண்டாம்' என்றே இருக்கிறது.