நீரிழிவு விழித்திரை நோய்: மரபணுக் குறியீடுகள்

நீரிழிவு விழித்திரை நோய் வரும் வாய்ப்பைப் பார்வை மங்கும் முன்பே உணர்த்தும் மரபுக்கூறுகள், இந்நோயின் மரபணுக் குறியீடுகள் எனப்படும். நெடுநாள் சர்க்கரை மிகுதியால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிவதே இந்நோய். குழாய்ச் சுவர் புடைத்து, கண்ணின் உட்புறப் படத்தில் ஊசிமுனை அளவுச் செம்புள்ளியாகத் தெரிவது தொடக்க அறிகுறி. அந்நாளில் நோயாளிக்கு வலி இராது. நாளிதழின் பொடி எழுத்தையும் தடையின்றிப் படிப்பார். புள்ளி தோன்றும் முன்பே ஆபத்துள்ளவரை அறியும் தேவை இதனால்தான் எழுந்தது.

வரலாறு

ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண் உள்நோக்கியை அறிமுகப்படுத்தினார். அக்கருவியால் வியன்னாவின் எட்வர்ட் யேகர் 1850களில் நீரிழிவு நோயாளியின் விழித்திரை மாற்றங்களை விவரித்தார். அவை நீரிழிவால்தான் விளைந்தனவா என்ற விவாதம் பல்லாண்டு நீடித்தது.

சர்க்கரை அளவும் நோயின் கால நீட்சியும் ஒத்திருந்தும் ஒருவர் கண் கெடுவதும் மற்றவர் கண் தப்புவதும் மருத்துவர்களைச் சிந்திக்க வைத்தன. லண்டனில் லெஸ்லி, பைக் இருவரும் ஒருகரு இரட்டையரை ஆராய்ந்து 1982இல் முடிவை வெளியிட்டனர். இரண்டாம் வகை நீரிழிவு இருவருக்குமே இருந்த 37 இணைகளில் 35 இணைகளின் விழித்திரை நிலை ஒத்திருந்தது. மரபின் பங்கை இது உறுதிசெய்தது. சென்னையில் ரெமா, மோகன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வும் இந்நோய் குடும்பவழி திரள்வதைக் காட்டியது. நோயுள்ளவரின் நீரிழிவுள்ள உடன்பிறப்புகளுக்கு வாய்ப்பு மும்மடங்குக்கு மேல் இருந்தது.

முதன்மை மரபணுக்கள்

ஆல்டோஸ் ரிடக்டேஸ்: மிகுதியாக ஆராயப்பட்டது; 7ஆம் குரோமோசோமில் உள்ளது. குளுக்கோஸைச் சார்பிட்டாலாக மாற்றும் நொதியை உருவாக்குகிறது. இம்மரபணுவுக்கு முன்னால் சைட்டோசின், அடினின் என்னும் இரு டிஎன்ஏ எழுத்துகள் இணையாகத் திரும்பத் திரும்ப வரும். இவ்விணை 24 முறை வருவது ‘இசட்’ வடிவம். ஓர் இணை குறைந்து 23 முறை வருவது ‘இசட்-2’. பின்னதை உடையவர்க்கு நோய் முன்கூட்டியே தோன்றுவதை ஹாங்காங் ஆய்வு 1995இல் கண்டது.

இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி: 6ஆம் குரோமோசோமில் உள்ளது. இதன் ஓரெழுத்து மாற்றம் ஒன்று விழித்திரை நோயுடன் தொடர்புடையதென ஜப்பானிய ஆய்வு 2002இல் காட்டியது.

எரித்ரோபொயட்டின்: இதன் முன்பகுதி மாற்றம் கண்ணையும் சிறுநீரகத்தையும் ஒருசேரத் தாக்கும் முற்றிய நிலையுடன் தொடர்புடையதென 2008இல் அறியப்பட்டது.

ஜிஆர்பி2: முழு மரபணுத்தொகை ஆய்வின்வழி ஆஸ்திரேலியக் குழு 2015இல் இம்மரபணுவின் அருகே ஒரு மாற்றத்தைச் சுட்டியது; இந்திய நோயாளிகளிடமும் அது உறுதிப்பட்டது.

தற்போதைய நிலை

மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் நுண் ஆர்என்ஏக்களும் ஆராயப்படுகின்றன. மரபணுச் சோதனை இன்னும் மருத்துவமனை வழக்கத்துக்கு வரவில்லை. கண்மணியை விரித்து ஆண்டுதோறும் செய்யும் பரிசோதனையே நடைமுறை. உடன்பிறந்தவருக்கு இந்நோய் உள்ள சர்க்கரை நோயாளிகள் அதை ஓராண்டும் தவறவிடலாகாது.