ஒன்பது சென்டிமீட்டர் காற்று

மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, அதன் பின்னாலேயே ஆடிட் என்று ஆணி அதிகமாகி, இந்தப் பக்கம் வந்து நாளாகிவிட்டது. இன்றைக்கு எழுதப்போவது வங்கி சமாசாரம் இல்லை, குறட்டை சமாசாரம். சிரிக்காமல் படியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், தொப்பூர் வரைக்கும்.

போன வருடம் பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து கும்பகோணம் கிளம்பினோம். விடிகாலை நாலரைக்கு வண்டியை எடுத்து, ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி, தருமபுரியில் காபியும் குடித்தாயிற்று. முந்தின இரவு நன்றாகத் தூங்கியதாகத்தான் நினைப்பு. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் தங்கமணி போட்ட அலறலில் கண்ணைத் திறந்தால், எதிரே ஒரு லாரியின் முதுகு. எப்படி பிரேக்கை மிதித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பின் சீட்டில் பிள்ளைகள் இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன.

அதற்கப்புறம் ஊர் வரைக்கும் தங்கமணிதான் ஓட்டினாள். நாமக்கல் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ராத்திரி உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க. நான் எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன். ஒரு நாள் முப்பது வரைக்கும் எண்ணினேன்."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா."

பெங்களூர் திரும்பியதும் ஒரு மருத்துவமனையில் ஒரு ராத்திரி படுக்கவைத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி அளந்தார்கள். மணிக்கு 46 தடவை மூச்சு தடைப்படுகிறது என்று ரிப்போர்ட். ஏழு மணி நேரத் தூக்கத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன்: 322. ஐந்துக்குக் கீழே இருந்தால் சாதாரணம், 30-ஐத் தாண்டினால் கடுமையானது. ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழல் மேல்பக்கம் மூடிக்கொள்கிறது. ஆக்சிஜன் இறங்க, மூளை அலறி எழுப்ப, ஒரு பெரிய குறட்டையோடு திரும்பவும் மூச்சு. எழுந்தது நமக்கு நினைவே இருக்காது.

இதற்கு வைத்தியம் சிபாப் மெஷின். ஒரு குட்டி விசிறி, ஒரு குழாய், மூக்கில் ஒரு மாஸ்க். விற்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்க உடம்புக்கு 12 வெச்சா சரியா இருக்கும் சார்" என்றார். பேன்ட் தைக்கிறவர்கூட டேப் எடுப்பார்! முதல் ராத்திரி மாஸ்க் ஓரத்தில் கசிந்த காற்று கண்ணில் அடித்தது. இரண்டாம் ராத்திரி காற்றை முழுங்கி வயிறு தம்புரா மாதிரி உப்பியது. நாலாம் நாள் மெஷின் பரணுக்குப் போய்விட்டது.

"அழுத்தத்தை அளந்து வைக்கணும், குத்துமதிப்பா வைக்கக் கூடாது" என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தவனுக்கு இது புதுசா? சாயங்காலம் கல்லாவில் குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. அந்த 12 எங்கிருந்து வந்தது, சரியான எண்ணை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். இனி கொசுவத்தி சுற்றுகிறேன்.

தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்வதைக் கருவி வைத்துப் பதிவு செய்து சொன்னது 1965-இல்தான். பிரான்சில் காஸ்டோ குழுவும், ஜெர்மனியில் யுங், கூலோ என்ற இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். அதுவரை குறட்டை என்றால் கேலிதான். நோய் தெரிந்தது, மருந்து? 1960-களின் கடைசியிலிருந்து இருந்த ஒரே உறுதியான வழி, கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குழலில் குழாய் சொருகுவது. பகலில் மூடிக்கொள்ள வேண்டும், ராத்திரி திறந்துகொள்ள வேண்டும். உயிர் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் ஆயுசு முழுக்கக் கழுத்தில் ஓட்டையோடு.

காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவும் யோசனை அதற்கும் முந்தியது. 1936-இல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் பூல்டன் என்ற மருத்துவர், இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு, வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துக் காற்றை அழுத்திக் கொடுத்தார். வீடு பெருக்குகிற மோட்டாரேதான்! இரண்டாம் உலகப்போரில் அதே யோசனை விமானத்தில் ஏறியது. 12 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் சுத்த ஆக்சிஜனே கொடுத்தாலும் போதாது, மாஸ்க்கில் அழுத்தித் தள்ள வேண்டும்.

இந்த இடத்தில் நம்ம பெங்களூர் வருகிறது. விமானிகளின் மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் ஆராய இந்திய விமானப்படை 1957-இல் தொடங்கிய நிறுவனம் பழைய ஏர்போர்ட் ரோடு பக்கம்தான் இருக்கிறது. 1984-இல் விண்வெளிக்குப் போன ராகேஷ் சர்மாவை அதற்கு முன் சோதித்துப் பார்த்ததும் இங்கேதான். இத்தனை வருடம் அந்த வழியாகப் போய்வருகிறேன், காற்றழுத்தத்துக்கும் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது என்று தோன்றியதே இல்லை.

1971-இல் அமெரிக்காவில் கிரிகரி என்ற மருத்துவர், குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறிய 20 குழந்தைகளுக்கு விடாமல் காற்றழுத்தம் கொடுத்தார். 16 குழந்தைகள் பிழைத்தன. விரியாத நுரையீரலைக் காற்று தாங்கிப் பிடிக்கும் என்றால், மூடிக்கொள்ளும் தொண்டையைத் தாங்காதா?

அதைச் செய்து பார்த்தவர் சிட்னியில் காலின் சல்லிவன். முன்னதாக கனடாவின் டொராண்டோவில் தூங்கும் நாய்களுக்கு மாஸ்க் போட்டு மூச்சை ஆராய்ந்தவர். 1980 ஜூன் மாதம் அவரிடம் ஒரு கட்டடத் தொழிலாளி வந்தார். கடுமையான ஆப்னியா. கழுத்தில் ஓட்டை போட அவருக்குச் சம்மதம் இல்லை. சரி, இதைப் பார்ப்போமா என்றார் சல்லிவன். காற்றை மெல்ல மெல்லக் கூட்ட, ஒரு கட்டத்தில் மூச்சுத்தடை சட்டென்று நின்றது. குறைத்தால் திரும்ப வந்தது, கூட்டினால் போனது. எத்தனையோ நாள் தூக்கக் கடனை அந்த ஒரே ராத்திரியில் அடைக்கிற மாதிரி அந்த மனிதர் தூங்கினாராம்.

1981 ஏப்ரலில் லான்செட் இதழில் சல்லிவனும் மூன்று சகாக்களும் ஐந்து நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து பேருக்கும் தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 செ.மீ. நீர் அளவு. ஒருவருக்கு வேண்டியது இன்னொருவருக்கு இரண்டு பங்குக்கு மேல். அதாவது, ஆளுக்கு ஆள் எண் மாறும் என்பது அந்த முதல் கட்டுரையிலேயே இருக்கிறது. எனக்கு 12 வைத்தவர் நாற்பது வருடப் பாக்கி வைத்திருக்கிறார்!

செ.மீ. நீர் என்றால் பயப்பட வேண்டாம். ஒரு டம்ளரில் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் அடியில் எவ்வளவு அழுத்தமோ, அவ்வளவுதான். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில் அது நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு சதவிகிதம்தான் தொண்டையைத் திறந்துவைக்கும் முட்டுக்கொடுப்பு.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிற முறையை 2008-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு எழுதிவைத்தது. 4 செ.மீ.-யில் தொடங்கு. தடை வந்தால் குறைந்தது ஐந்து நிமிடம் விட்டு ஒன்று கூட்டு. பெரியவர்களுக்கு உச்சம் 20. மல்லாந்து படுத்து, கனவு வரும் தூக்கத்தில் இருக்கும்போதும் தடை வராமல் இருந்தால்தான் அந்த எண் தேறியது. ஏனென்றால் தொண்டை ரொம்பத் தளர்வது அப்போதுதான். ஒருக்களித்துப் படுத்தவனுக்கு 6 போதும் என்று எழுதிவிட்டால், அவன் புரண்டு மல்லாந்ததும் கணக்கு உதைக்கும். அழுத்தம் கூடிப்போனாலும் வினைதான்: மாஸ்க் கசியும், வயிறு உப்பும், சிலருக்கு மூளையே மூச்சு விடும் கட்டளையை நிறுத்தி வேறு வகைத் தடை வரும்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? ஒரு சூத்திரம் கிடைத்தது. 1990-களில் டொராண்டோ ஆட்கள் போட்டது. உடல் பருமன் குறியீட்டை 0.16-ஆலும், கழுத்துச் சுற்றளவை 0.13-ஆலும், மணிக்கு எத்தனை தடை என்பதை 0.04-ஆலும் பெருக்கிக் கூட்டி, 5.12-ஐக் கழிக்க வேண்டும். என் எண்கள் 31, 43, 46. விடை 7.27. கடைக்காரர் சொன்னது 12, சூத்திரம் சொன்னது ஏழே கால். உண்மை எது?

திரும்பவும் ஒரு ராத்திரி ஒயர்களோடு படுத்தேன். டெக்னீஷியன் தம்பி பக்கத்து அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கூட்டினார். காலையில் காகிதத்தைக் காட்டினார். 7-இல் ஒருக்களித்துத் தூங்கியவரை ஒழுங்கு. மூன்றரை மணிக்கு மல்லாந்து கனவுத் தூக்கத்துக்குப் போனதும் தடை. 8-இல் குறட்டை. 9-இல் சுத்தம். சூத்திரம் பட்ஜெட் மாதிரி, ராத்திரி முழுக்க எண்ணுவதுதான் அசல் கணக்கு என்று புரிந்தது. (இப்போது தானே கூட்டிக் குறைக்கும் மெஷின்களும் உண்டு. வீட்டிலேயே சில நாள் ஓடவிட்டு, பதிவைப் பார்த்து டாக்டர் எண்ணை முடிவு செய்வார். வேறு நோய் எதுவும் இல்லாத பலருக்கு அதுவே போதும்.)

ஊருக்கு எடுத்துப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கும்பகோணத்தைவிட சுமார் 100 செ.மீ. நீர் அளவு குறைவு. ஒரே வேகத்தில் சுற்றும் பழைய மெஷின்கள் உயரமான ஊரில் சொன்னதைவிடக் குறைவாகத்தான் தள்ளும். இப்போது வருபவை தானே அளந்து சரிசெய்துகொள்ளும். பழைய மெஷினைச் சொந்தக்காரரிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளும் நம் பழக்கத்துக்கு இதுவும் ஒரு எச்சரிக்கை.

முதல் தடவை அதை ஊருக்கு எடுத்துப்போனபோது அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பிள்ளையார் மாதிரி இருக்கேப்பா!" விளக்கை அணைத்த பிறகு இருட்டில் அவள் குரல் கேட்டது. "உங்கப்பாவுக்கும் இப்படித்தான் நின்னு நின்னு வரும். நான் தோளைப் பிடிச்சு உலுக்குவேன். திரும்பிப் படுத்துப்பார்."

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். மத்தியானம் பேரேட்டின் மேலேயே தூங்கிவிடுவார் என்று ஊரே கேலி பண்ணும். 1996-இல் ஒரு விடிகாலை, தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 56. மாரடைப்பு என்றார்கள். இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிற தொழில் எனக்கு. சிட்னியில் அந்தக் கட்டடத் தொழிலாளி தூங்கியபோது எனக்கு ஒரு வயது. அப்பா போனது அதற்குப் பதினாறு வருடம் கழித்து. அவ்வளவு வருடமும் அம்மாவின் கைதான் அவருக்கு மெஷின்.

மும்பையில் சாதாரண உடல் பரிசோதனைக்கு வந்த, 35 முதல் 65 வயது ஆண்களை வைத்துச் செய்து 2004-இல் வெளியான ஆய்வில், 19.5 சதவிகிதம் பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. பகல் தூக்கமும் சேர்ந்தவர்கள் 7.5 சதவிகிதம். நோயாளிகளாக வந்தவர்கள் இல்லை, நம்மை மாதிரி ஆபீஸ் போகிற ஆட்கள்.

என் தம்பி சென்னையில். அவனும் குறட்டை மன்னன். "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லைண்ணா" என்று ஆறு மாதமாக நழுவுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை போனில் இவ்வளவுதான் சொன்னேன்: "அப்பாவுக்கு 56. உனக்கு 43. நீயே கழிச்சுப் பாரு." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டான்.

இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டில் குறட்டை கேட்டால் தலையணையால் காதை மூடாதீர்கள். நடுவில் சத்தம் நின்றால் எண்ணுங்கள். பத்தைத் தாண்டினால், காலையில் அவரிடம் சொல்லிவிடுங்கள். நாலு வருஷம் காத்திருக்க வேண்டாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. என் 9 எனக்கு மட்டும்தான். உங்கள் எண்ணை உங்கள் டாக்டர் அளந்து சொல்வார்.